கெப் வாகனத்தின் அடிப்பாகம்: சம்ப் கார்ட்டைத் திருத்துவதும் பலப்படுத்துவதும்

கடந்த மாரி ஓய்ந்து இரண்டு கிழமை இருக்கும். இரவு ஒன்பது மணிக்குப் பிறகு, பக்கத்து வளவு ஆச்சிக்கு மூச்சு வாங்குகிறது என்று வந்து கூப்பிட்டார்கள். எங்கள் ஒழுங்கையில் நாலு சில்லு வாகனம் என்று இருப்பது என்னுடைய டபுள் கெப் ஒன்றுதான். ஆச்சியைப் பின்சீற்றில் சாய்த்து, மகளையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். குளக்கட்டுக்குக் கீழே மதகடியில் வெள்ளம் கிரவலை அரித்துக் கல்லை மேலே விட்டிருந்தது எனக்குத் தெரியவில்லை. அடியில் 'டங்' என்று ஒரு சத்தம். பிறகு ஏதோ இழுபடும் சத்தம். நூறு மீற்றர் போவதற்குள் ஒயில் விளக்கு சிவப்பாக எரிந்தது. எஞ்சினை நிறுத்திவிட்டு ரோச் அடித்துப் பார்த்தால், வந்த வழி முழுக்கக் கறுப்புக் கோடாக ஒயில் கிடந்தது.

ஆச்சியை ஒரு முச்சக்கர வண்டியில் மாற்றி அனுப்பினோம். நல்ல வேளை, தப்பிவிட்டார். இப்போதும் என்னைக் கண்டால் "உன்ர வாகனம் சுகமோ மோனை?" என்றுதான் கேட்பார். ஆனால் அந்த இரவில் பிழை முழுவதும் என்னுடையது. எஞ்சினுக்கு அடியில் இருக்கும் காவல் தகட்டின், கராச்சில் 'சம்ப் கார்ட்' என்று சொல்லும் தகட்டின், முன்பக்கப் போல்ட் ஒன்று இரண்டு மாதத்துக்கு முன்பே கறள் பிடித்து விழுந்திருந்தது. நான் கட்டுக்கம்பியால் கட்டிவிட்டு ஓடிக்கொண்டிருந்தேன். கல் பட்டதும் கம்பி அறுந்து, தகடு பின்னால் மடிந்து, அதன் விளிம்பே கத்திபோல் ஒயில் சம்பைக் கிழித்துவிட்டது. காக்க வேண்டிய தகடே எஞ்சினைக் குத்தியது.

கிரவல் வீதி, வாய்க்கால் கரை, வயல் பாதை, கடற்கரை மணல் என்று ஓடுகிற எவருக்கும் இது நடக்கலாம். அதனால் அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நான் செய்ததையும், செய்யும்போது கற்றதையும் எழுதுகிறேன். நான் மெக்கானிக் அல்ல. விடியற்காலை முல்லைத்தீவுக் கரையில் மீன் ஏற்றி, அறுவடைக் காலத்தில் நெல் ஏற்றிப் பிழைக்கிற ஆள்.

ஒரு வாகனத்தின் அடித்தகட்டுக்கு இவ்வளவு எழுத வேண்டுமா என்று சிலர் கேட்கக்கூடும். 2020 மார்ச்சில் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களை மீண்டும் கொண்டுவர 2025 பெப்ரவரியில்தான் அனுமதி கிடைத்தது. அதன் பிறகும் வரியோடு சேர்த்துப் பார்த்தால் புதுக் கெப் எங்களைப் போன்றவர்களின் கைக்கு எட்டாது. போரில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்து, லீசிங்கில் ஒரு பழைய வாகனத்தை எடுத்து, மாதம் மாதம் கட்டுகிற வீடுகள் வன்னியில் ஏராளம். எஞ்சின் இறுகினால் அந்த வீட்டின் உழைப்பு நின்றுவிடும். தவணை மட்டும் நிற்காது. பொருளாதாரத் தடைக் காலத்தில் பழைய கேம்பிரிட்ஜ் கார்களைச் சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டியவர்கள் நாங்கள். இருப்பதைத் திருத்திக் காப்பாற்றுவது எங்களுக்குப் புதிதல்ல.

முதலில், அடியில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை படுத்துப் பார்ப்பது நல்லது. முன்னால் ரேடியேற்றரின் அடிப்பக்கம். அதன் பின்னால் ஒயில் சம்ப். நாலு சில்லு இழுவை உள்ள கெப்பில் சம்புக்குப் பக்கத்தில் முன் டிபரன்சல், அதை ஒட்டி ஸ்ரேரிங் பாகங்கள். பின்னால் கியர்பொக்ஸ், ட்ரான்ஸ்பர் பெட்டி. செசியின் ஒரு பக்கத்தில் டீசல் தாங்கி. செசி ஓரமாகப் பிறேக் குழாய், டீசல் குழாய். கடைசியில் பின் டிபரன்சல். இவற்றில் தாங்க முடியாதது சம்ப்தான். என் வாகனத்தில் அதன் அடிப்பகுதி வெறும் அழுத்திய தகரம். கிழிந்தால்தான் ஆபத்து என்றும் இல்லை. சம்ப் உள்ளே நெளிந்தாலே போதும். ஒயிலை உறிஞ்சும் வலைக்கும் சம்பின் அடிக்கும் இடையிலான இடைவெளி குறைந்து, ஒயில் ஏறாமல் பெயறிங்குகள் தேயத் தொடங்கும். ஒரு சொட்டும் ஒழுகாமலேயே எஞ்சின் போன கதைகள் உண்டு. ஆகவே அடிபட்டால் ஒழுக்கை மட்டும் பார்க்காமல், சம்பில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

பின் டிபரன்சல்தான் நிலத்துக்கு மிகக் கிட்ட இருப்பது. பலர் சஸ்பென்சனை உயர்த்தினால் அதுவும் உயரும் என்று நினைக்கிறார்கள். உயராது. அது அக்ஸிலோடு சேர்ந்தது. உயரமான ரயர் போட்டால் மட்டுமே மேலே வரும். ஆனால் அதன் கூடு தடித்த இரும்பு, ஓரளவு அடியைத் தாங்கும். காசு குறைவாக இருந்தால் முதலில் சம்புக்கும் ரேடியேற்றருக்கும், பிறகு கியர்பொக்ஸ், ட்ரான்ஸ்பர் பெட்டிக்கும், அதன் பிறகு டீசல் தாங்கிக்கும் என்ற வரிசையில் செலவழியுங்கள்.

என் வாகனத்தைக் கட்டியிழுத்துக் கொண்டுபோன கராச் ஒரு வெல்டிங் அண்ணையுடையது. அவருக்கு ஒரு கால் முழங்காலுக்குக் கீழ் இல்லை. வாகனத்துக்குக் கீழே போகும்போது செயற்கைக் காலைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு, கைகளாலேயே கிடங்குக்குள் இறங்குவார். அந்தச் சேர்விஸ் கிடங்கு முன்பு பங்கர். மேலே மூடியிருந்த பனங்குற்றிகளை எடுத்துவிட்டு, பக்கங்களைச் சீமெந்தால் கட்டியிருக்கிறார். "அண்டைக்கு உயிரைக் காப்பாத்தினது, இண்டைக்குச் சோறு போடுது" என்று சிரித்துக்கொண்டு சொன்னார்.

கிடங்கு வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது, பள்ளத்துக்குள் இறங்கித் தங்கும். எஞ்சின் ஓடினால் புகையும் அங்கேயே தேங்கும். கீழே ஆள் இருக்கும்போது எஞ்சினை ஓடவிடக் கூடாது. வெல்டிங், கிறைண்டர் வேலையைக் கிடங்குக்குள் செய்யக் கூடாது. கிடங்கு இல்லாத இடத்தில் ஜக்கில் மட்டும் வாகனத்தை நிறுத்திக் கீழே நுழையாதீர்கள். ஜக் நழுவ ஒரு கணம் போதும். செசிக்கு ஸ்ராண்ட் கொடுங்கள். இல்லாவிட்டால் அகலமான மரக்குற்றிகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்குங்கள். சீமெந்துக் கல்லை வைக்கவே வேண்டாம். அது எச்சரிக்கை தராமல் நொறுங்கும்.

பழைய தகட்டைக் கழற்றுவதுதான் பெரிய பாடு. கறள் பிடித்த போல்டை நேரே நெம்பினால் தலை முறியும். முதல் நாள் பின்னேரம் கம்பித் தூரிகையால் சுத்தமாக்கிக் கறள் இளக்கும் ஒயில் விட்டு விடுங்கள். அது இல்லாவிட்டால் டீசலும் ஓரளவு உதவும். மறுநாள் கழற்றும் பக்கம் திருப்பாமல், முதலில் மிகச் சிறிதளவு இறுக்கும் பக்கம் அசைத்துப் பிறகு இளக்கவேண்டும். அரைச் சுற்று இளக்கினால் கால் சுற்று திரும்ப இறுக்க வேண்டும். அப்படியும் என் வாகனத்தில் இரண்டு முறிந்தன. முறிந்ததன் நடுவில் புள்ளி குத்தி, சிறிய துளையில் தொடங்கிப் பெரிதாக்கித் துளைத்து எடுத்து, புரியை மீண்டும் வெட்டினார். ஒன்றில் புரி முழுக்கத் தேய்ந்திருந்தது. அதை எம்-8 இலிருந்து எம்-10 அளவுக்குப் பெருப்பித்தோம்.

கழற்றிய தகட்டை அளந்தபோது ஒன்றரை மில்லிமீற்றர்தான் இருந்தது. தொழிற்சாலையிலிருந்து வரும் தகடு பெரும்பாலும் சேற்றையும் சிறு கல்லையும் மறிப்பதற்கானது, பாறையில் வாகனத்தின் பாரத்தைத் தாங்குவதற்கானது அல்ல. வெறுமனே நெளிந்திருந்தால் அதைத் திருத்தலாம். மரக்குற்றியில் வைத்து, விளிம்பிலிருந்து நடுவை நோக்கிச் சிறு சிறு அடியாக அடிக்க வேண்டும். மடிப்பிலும் போல்ட் துளையைச் சுற்றியும் முடி போன்ற வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெடிப்பு இருந்தால் அதன் முனையில் மூன்று மில்லிமீற்றர் துளை ஒன்று போட்டுவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஒட்டுக்கு அப்பால் வெடிப்பு தொடரும். நீளமாகிவிட்ட போல்ட் துளைக்கு உட்பக்கம் தடித்த வொஷர் ஒன்றை ஒட்டிப் பலப்படுத்தலாம். என் தகடு கறளில் சல்லடையாகிவிட்டது. அதனால் புதிதாகச் செய்வதென்று முடிவெடுத்தோம்.

எத்தனை மில்லிமீற்றர் போடுவது என்பதில்தான் கராச்சில் ஆளுக்கொரு கதை. தடிப்பாகப் போடு, பாறையே உடையும் என்பார் ஒருவர். கணக்கைப் பாருங்கள். ஒரு சதுர மீற்றர் இரும்புத் தகடு ஒவ்வொரு மில்லிமீற்றர் தடிப்புக்கும் ஏறத்தாழ 7.85 கிலோ. எஞ்சினுக்குக் கீழே 70 சென்ரிமீற்றருக்கு 60 அளவில் ஒரு தகடு என்றால் 3 மில்லிமீற்றரில் 10 கிலோ, 4 மில்லிமீற்றரில் 13 கிலோ, 6 மில்லிமீற்றரில் 20 கிலோ. இந்தப் பாரம் முழுவதும் முன் அக்ஸிலுக்கு முன்னாலும் அதன் மேலும்தான் விழுகிறது. ஏற்கெனவே களைத்துப்போன முன் சஸ்பென்சன் மேலும் தாழ்ந்தால், தகடு போட்டுக் கிடைத்த பயன் நிலத்துக்கும் தகட்டுக்கும் இடையிலான இடைவெளி குறைந்து போய்விடும்.

மறுபக்கம், வளையாமல் நிற்கும் தன்மை தடிப்பின் மும்மடிப் பெருக்கமாகக் கூடுகிறது. 3 மில்லிமீற்றரை விட 4 மில்லிமீற்றர் இரண்டு மடங்குக்கும் அதிகமாக விறைப்பானது. ஆனால் தடிப்பைக் கூட்டாமலேயே விறைப்பைக் கூட்ட வழி இருக்கிறது. தகட்டின் இரு ஓரங்களையும் 30 மில்லிமீற்றர் அளவில் மேல்நோக்கி மடியுங்கள். நடுவில் நீளவாக்கில் ஒரு மடிப்புக் கொடுங்கள், அல்லது உட்பக்கம் கோணக்கம்பி இரண்டை ஒட்டுங்கள். ஒரு தாளைத் தட்டையாகப் பிடித்தால் தொங்கும், ஓரத்தை மடித்துப் பிடித்தால் நிற்கும் அல்லவா, அதுதான். அண்ணை எனக்கு 3 மில்லிமீற்றர் தகட்டில் ஓரம் மடித்து, முதல் அடி விழும் முன்சரிவில் மட்டும் இன்னொரு பட்டியை இரட்டையாகப் போட்டார். எங்கள் வீதிகளுக்கு இது போதும் என்பது என் அனுபவம்.

அலுமினியம் நல்லது என்று சொல்பவர்களும் உண்டு. பாரம் குறைவு என்பது உண்மைதான். 6 மில்லிமீற்றர் அலுமினியம் சதுர மீற்றருக்கு 16 கிலோ, 3 மில்லிமீற்றர் இரும்பு 23.5 கிலோ. விறைப்பும் அலுமினியத்துக்கே கூட. கறளும் இல்லை. ஆனால் அதை ஒட்டுவதற்கு வேறு இயந்திரமும் வேறு கைப்பழக்கமும் வேண்டும். பாறையில் அது வழுக்காமல் உராய்ந்து செதுக்குப்படும். முக்கியமாக, இரும்புச் செசியோடு நேரே தொட்டுக்கொண்டு இடையில் உப்புத் தண்ணீரும் பட்டால் அலுமினியம் மிக வேகமாக அரிக்கும். போடுவதானால் இடையில் றப்பர் அல்லது நைலோன் வொஷர் கட்டாயம். செக்கர் தகடு கிடைத்தால் போடலாம், ஆனால் புடைப்புள்ள பக்கத்தை உள்ளே வைத்து, வழுவழுப்பான பக்கத்தை நிலத்தைப் பார்க்க வையுங்கள். புடைப்பு கீழே இருந்தால் கல்லில் சிக்கும்.

இங்கே ஒரு விடயத்தை அழுத்திச் சொல்லவேண்டும். எங்கிருந்து வந்தது என்று தெரியாத போர்க்காலப் பழைய இரும்பைத் தகட்டுக்காக வெட்டாதீர்கள். மலிவாகக் கிடைக்கிறது, தடிப்பாக இருக்கிறது என்று ஆசை வரும். கவச வாகனங்களின் தகடு கடினப்படுத்திய இரும்பு. அதில் ட்ரில் மழுங்கும், சாதாரண வெல்டிங் வெடித்துவிடும். அதைவிடப் பெரிய ஆபத்து, குழாயாகவோ உருளையாகவோ மூடிய பெட்டியாகவோ கிடப்பவற்றில். வெளியே கறள் பிடித்தாலும் உள்ளே மருந்து உயிரோடுதான் இருக்கும். கிறைண்டரின் பொறியும் வெல்டிங்கின் சூடும் அதற்குப் போதும். பழைய இரும்பு வெட்டப்போய்க் கையையும் உயிரையும் இழந்தவர்களை எங்களுக்கு எல்லோருக்கும் தெரியும். அண்ணையின் கராச்சில், கடையில் வாங்கிய புதுத் தகட்டைத் தவிர வேறெதையும் வெட்டமாட்டார். "எனக்கு மிச்சம் ஒரு கால்தான் இருக்கு தம்பி" என்பார்.

தகட்டைப் பொருத்தும் விதத்துக்கு வருவோம். போல்ட்கள் செசியிலும் அதன் குறுக்குச் சட்டங்களிலும்தான் இறங்க வேண்டும். சம்பிலோ கியர்பொக்ஸிலோ தகட்டைப் பிடிக்க வைக்கக் கூடாது. எஞ்சின் றப்பர் மவுண்டில் ஆடும், செசி ஆடாது. இரண்டையும் தகட்டால் பிணைத்தால் ஏதாவது ஒன்று வெடிக்கும். அத்துடன், கல்லின் அடி நேரே வார்ப்புக் கூட்டுக்குப் போகும். தகட்டுக்கும் சம்பின் அடிக்கும் இடையில் குறைந்தது 25 மில்லிமீற்றர் இடைவெளி விடுங்கள். தகடு வளையத்தான் செய்யும். வளைந்தாலும் சம்பைத் தொடக்கூடாது. செசியில் நேரடியாக ஒட்ட வேண்டாம். ஒட்டின் சூடு அந்த இடத்தில் செசியைப் பலவீனமாக்கும், பிறகு ஒவ்வொரு தடவையும் வெட்டியெடுக்க வேண்டியும் வரும். தொழிற்சாலையே விட்டிருக்கும் துளைகளைப் பயன்படுத்துங்கள்.

இரண்டு தகடுகள் போடுவதானால் கிடுகு வேய்வதை நினைத்துக்கொள்ளுங்கள். முன்தகட்டின் பின்விளிம்பு, பின்தகட்டின் முன்விளிம்புக்குக் கீழே வர வேண்டும். அப்போதுதான் கல் வழுக்கிப் பின்னால் போகும். மாறிப் போட்டால் பின்தகட்டின் விளிம்பு மண்வெட்டிபோல் நிலத்தைக் கொத்தும். பின்னுக்கு எடுக்கும்போது மட்டும் இது எதிராக வேலை செய்யும். ஆகவே கல்லில் ஏறிவிட்டால் வேகமாக ரிவர்ஸ் எடுக்காதீர்கள்.

போல்ட் தலைகள் தகட்டுக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்தால் நாலு மாதத்தில் கல் தேய்த்துவிடும், ஸ்பனர் பிடிக்காது. துளையைச் சுற்றிச் சிறு குழிவு அடித்துத் தலையை உள்ளே அமர்த்த வேண்டும். அல்லது தலைக்கு முன்னால் சிறு இரும்புத் துண்டு ஒன்றைச் சரிவாக ஒட்டிவிடலாம். தலையில் 8.8 என்று பொறித்த போல்டை வாங்குங்கள். எண் எதுவும் இல்லாத மலிவுப் போல்ட் இழுபட்டு நீளும். இறுக்கம், எம்-8 க்கு 20 முதல் 25 நியூட்டன் மீற்றர், எம்-10 க்கு 40 முதல் 50. அளக்கும் ஸ்பனர் இல்லாதவர்களுக்கு, 20 சென்ரிமீற்றர் நீள ஸ்பனரின் நுனியில் 12 கிலோ பாரம் தொங்கினால் எவ்வளவோ, அதுதான் எம்-8 க்குச் சரியான இறுக்கம். புரியில் கொஞ்சம் கிறீஸ் தடவிப் போடுங்கள். அடுத்த முறை கழற்றுபவர் உங்களை வாழ்த்துவார்.

ஒயில் மாற்ற ஒவ்வொரு தடவையும் தகட்டைக் கழற்றாமல் இருக்க, வடிகட்டும் நட்டுக்கு நேரே ஒரு துளை விடலாம். தேவைக்கு மேல் துளை போடாதீர்கள். ஆனால் துளையே இல்லாமல் மூடிவிடவும் கூடாது. சேறும் தண்ணீரும் வழிய வேண்டும், சூடும் வெளியேற வேண்டும். எங்கள் பகுதிக்கு இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. அறுவடை முடிந்த வயலில் ஓடும்போது வைக்கோலும் காய்ந்த புல்லும் தகட்டுக்கு மேலே போய்ச் சேரும். அருகில் புகைக்குழாய் கொதித்துக்கொண்டிருக்கும். நெல் ஏற்றும் காலத்தில் நான் ஒவ்வொரு நாளும் ஒரு கம்பியை விட்டு இழுத்து வைக்கோலை எடுத்துவிடுவேன். தீப்பிடித்தால் முதலில் தெரிவது மணம்தான், அப்போதே பிந்திவிடும்.

வெல்டிங் வேலையை முடிந்தவரை தகட்டைக் கழற்றி வெளியே வைத்துச் செய்யுங்கள். வாகனத்தில் வைத்து ஒட்டியே ஆகவேண்டுமென்றால் பற்றரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். கணினி உள்ள புதிய டீசல் எஞ்சின்களில் கணினியின் சொக்கற்றையும் கழற்றிவிடுவது பாதுகாப்பு. எர்த் கிளிப்பை ஒட்டும் இடத்துக்கு மிகக் கிட்டப் போடுங்கள். பக்கத்தில் டீசல் குழாயோ பிறேக் குழாயோ போகிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். ஒரு வாளி மணலும் தண்ணீரும் அருகில் இருக்கட்டும். கல்வனைஸ் தகட்டை ஒட்டும்போது வெண்புகை வரும். அதைச் சுவாசித்தால் அன்றிரவு காய்ச்சல் நடுக்கம் வரும். ஒட்டும் இடத்தின் பூச்சை முன்கூட்டியே கிறைண்டரால் நீக்கிவிட வேண்டும். நீளமாக ஒரே இழுவையில் ஒட்டினால் தகடு முறுகும். அங்கும் இங்குமாக இரண்டு அங்குலம் ஒட்டி, ஆறவிட்டு, அடுத்ததை ஒட்டவேண்டும்.

சம்பைப் பொறுத்தவரை, கிழிந்ததை ஒட்டிப் போடலாமா என்று கேட்டேன். அண்ணை மறுத்துவிட்டார். தெரிந்தவர் மூலம் கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து பாவித்த சம்ப் ஒன்றை எடுப்பித்தோம். பழைய பசையை முழுக்கச் சுரண்டி, ஒயில் பசை இல்லாமல் துடைத்து, புதிய திரவ கஸ்கட்டை இடைவெளி விடாமல் ஒரே கோடாக இட்டுப் பொருத்தி, இரவு முழுவதும் காயவிட்டோம். ஸ்ராட் செய்த பிறகு ஒயில் விளக்கு அணையும் வரை எஞ்சினை இரையவிடவில்லை. எஞ்சின் தப்பியது. நூறு மீற்றருக்குள் நிறுத்தியதால்தான் தப்பியது என்றார். அந்த விளக்கு எரிந்தால் நிழல் தேட வேண்டாம், வீட்டுக்குக் கிட்டத்தானே என்று எண்ண வேண்டாம். அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

கறளைப் பற்றிப் பேசாமல் இந்தக் கட்டுரை முடியாது. என் தகட்டைத் தின்றது கல் அல்ல, மீன் பெட்டித் தண்ணீர். ஐசும் உப்பும் கலந்து தட்டிலிருந்து ஒழுகி, செசியின் மேல் விழுந்து, ஓடும் காற்றில் முன்னும் பின்னும் தெறிக்கிறது. நந்திக்கடல் ஓரம், வட்டுவாகல், ஆனையிறவு, சங்குப்பிட்டி என்று கடல்நீர்ப் பக்கம் ஓடும் எல்லா வாகனங்களுக்கும் இதே கதைதான். இப்போது தட்டின் மூலையில் ஒரு குழாய் வைத்து, தண்ணீரைச் செசிக்கு வெளியே விழவிட்டிருக்கிறேன். மீன் இறக்கிய அன்றே நல்ல தண்ணீரால் அடிப்பாகத்தைக் கழுவுகிறேன். நல்ல தண்ணீர் என்பது முக்கியம். கரையோரத்து உவர்க் கிணற்றுத் தண்ணீரால் கழுவினால் உப்பைத் திரும்பப் பூசுவதாகத்தான் முடியும்.

பூச்சுப் பூசுமுன் செசியைச் சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு மணிபோல் ஒலிக்கும். உக்கிய இடம் மந்தமாகக் கேட்கும். அங்கே திருப்புளியைக் குத்திப் பாருங்கள். உள்ளே போனால் அது பூச்சால் தீர்கிற விடயமல்ல. செசி வேலை தெரிந்தவரிடம் கொண்டுபோக வேண்டும். நல்ல இடங்களில் கறளை வெறும் இரும்பு தெரியும் வரை சுரண்டி, சிங்க் பிறைமர் ஒரு பூச்சு, அதன்மேல் பெயின்ற் இரண்டு பூச்சு. தூரிகை போகாத மூலைகளுக்கு, கறளைக் கறுப்பாக மாற்றி இறுக்கும் திரவம் கிடைக்கிறது. செசிப் பெட்டியின் உட்புறத்துக்கு மெழுகு ஸ்பிறே. செசியின் அடியில் இருக்கும் சிறு வடிகால் துளைகளை அடைத்துவிடாதீர்கள்.

சுரண்டாமல் கறளுக்கு மேலே தார்ப் பூச்சு அடித்துக் கொடுக்கும் இடங்கள் உண்டு. பார்க்கக் கறுப்பாக, புதிதாக இருக்கும். ஒரு வருடத்தில் அந்தப் பூச்சுக்கும் இரும்புக்கும் இடையில் தண்ணீர் தேங்கி, முன்பைவிட வேகமாக உக்கும். நானும் ஒரு முறை காசு கொடுத்து ஏமாந்தேன். கழிவொயில் பூசுவது இன்னொரு பழக்கம். றப்பர் புஸ்களை அது ஊதவைக்கும். பிறேக்கில் பட்டால் உயிராபத்து. மண்ணில் சொட்டி, கடைசியில் கிணற்றுக்கும் போகும். சுன்னாகத்தில் கிணறுகளில் கழிவொயில் கலந்து மக்கள் பட்ட பாட்டைப் பார்த்த பிறகும் வளவுக்குள் ஒயில் ஊற்ற யாருக்கு மனம் வரும்?

சுரண்டும்போது செசி இலக்கத்தின் மேல் கிறைண்டர் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தைத் துணியால் துடைத்து மெல்லிய கிறீஸ் தடவி விட்டால் போதும். இலக்கம் அழிந்தால் வாகனத்தைக் கைமாற்றும்போது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பெரிய சிக்கல். எனக்கு இதில் இன்னொரு காரணமும் உண்டு. 2009 இல் என் மாமா தன் உழவு இயந்திரத்தை முள்ளிவாய்க்காலில் விட்டுவிட்டு வந்தார். பிறகு, விட்டுவந்த வாகனங்களை அடையாளம் காட்டச் சொன்னபோது, எரிந்தும் உக்கியும் கிடந்த நூற்றுக்கணக்கானவற்றுக்குள் நின்று, சட்டைப்பையில் கசங்கிய புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சுரண்டி இலக்கம் பார்த்தார். எஞ்சின் இல்லை, ரயர் இல்லை. இலக்கம் இருந்தது. அந்த இலக்கத்தால்தான் அது அவருடையதாயிற்று.

தகடு பலமாகிவிட்டது என்ற துணிவில் பாதையை விட்டு இறங்குபவர்களுக்கும் ஒரு சொல். மூன்று நாலு மில்லிமீற்றர் தகடு கல்லுக்குத்தான். மிதிவெடிக்கோ புதைந்து கிடக்கும் வேறெந்த வெடிபொருளுக்கோ அது பாதுகாப்பல்ல. கண்ணிவெடி அகற்றும் வேலை வன்னியில் பெருமளவு முடிந்திருந்தாலும் முற்றாக முடியவில்லை. மாரி வெள்ளம் மண்ணை அரித்துப் பழையதை மேலே கொண்டுவரும், இடமும் மாற்றும். எச்சரிக்கைப் பலகை உள்ள பக்கம் குறுக்குவழி தேடாதீர்கள். சந்தேகமாக எதையாவது கண்டால் திரும்ப முயலாமல், வந்த ரயர் அடையாளத்திலேயே பின்னுக்கு எடுத்து வந்து, கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ அறிவியுங்கள்.

புதுத் தகடு போட்டு முதல் 200 கிலோமீற்றருக்குள் எல்லாப் போல்டையும் ஒருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும். புதிதாகப் பூசிய பெயின்ற் நசிந்து இடைவெளி விடும். பிறகு ஒயில் மாற்றும் ஒவ்வொரு தடவையும் தகட்டைக் கழற்றி, மேலே சேர்ந்த சேற்றைக் கழுவி, சம்பில் புதுப் பள்ளம் இருக்கிறதா என்று பார்த்துப் பூட்டுகிறேன். மாரிக்கு முன் ஒரு தடவை, மாரிக்குப் பின் ஒரு தடவை கராச்சுக்குப் போகிறேன்.

வாகனத்தில் இப்போது எப்போதும் இருப்பவை: எம்-8, எம்-10 போல்ட் நான்கு நான்கு, கட்டுக்கம்பி ஒரு சுருள், இரண்டு கலவையைப் பிசைந்து ஒட்டும் புட்டி, நாலு லீற்றர் ஒயில், ஒரு கட்டிச் சவர்க்காரம். சவர்க்காரம் கை கழுவ அல்ல. டீசல் தாங்கியில் சிறு கசிவு வந்தால் அதை அழுத்தித் தேய்த்தால் கராச் வரை தாங்கும், டீசல் அதைக் கரைக்காது. கட்டுக்கம்பியும் இருக்கிறதுதான். ஆனால் அதால் கட்டிய எதையும் அடுத்த நாள் பின்னேரத்துக்குள் போல்டால் மாற்றிவிடுகிறேன்.